“எந்தப் படத்துல பாடியிருக்கீங்க?”

வத்தலக்குண்டுப் பக்கம் நன்றாகப் பாடுகிற ஒரு பையனையோ பெண்ணையோ பார்த்தால் ஊரார் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அதில் குத்தல் ஏதும் இல்லை, அக்கறையோடுதான் கேட்கிறார்கள். “இல்லண்ணே, யூடியூப்ல போட்டிருக்கேன்” என்று பதில் வந்தால், “பரவால்ல தம்பி, சீக்கிரம் சான்ஸ் கெடைக்கும்” என்று முதுகில் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

அந்த ஆறுதல்தான் எனக்கு உறுத்துகிறது. சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுக் கட்டி, பாடி, வீட்டு அறையிலேயே பதிவு செய்து, முன்பின் தெரியாத ஆயிரம் பேர் காதில் கொண்டுபோய்ச் சேர்த்த ஒருவரை இன்னும் வேலை கிடைக்காத பிள்ளையாகவே பார்க்கிறோம். 1931-ல் ‘காளிதாஸ்’ வந்த நாளிலிருந்து பாட்டு என்றாலே நமக்குச் சினிமாப் பாட்டு. பாட்டுக்காரர் ஆவது என்றால் சென்னைக்கு பஸ் ஏறுவது. இணையத்தில் பாடுகிறவர்களை அந்த பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறவர்கள் என்றே ஊர் நினைக்கிறது. பாடுகிறவர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

பஸ் ஏறாமலே பாடிப் பிழைக்க முடியுமா? முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு எண்ண வேண்டியது பார்வைகளின் எண்ணிக்கையை அல்ல.

மேடையும் அன்பளிப்பும்

இந்த மண்ணில் சினிமாவுக்கு வெளியே பாட்டு எப்போதும் ஒரு தொழிலாக இருந்திருக்கிறது. வள்ளி திருமண நாடகம், கரகாட்டம், நையாண்டி மேளம், உறுமி, தப்பு என்று திருவிழாக் காலம் முழுக்க திண்டுக்கல், மதுரை, தேனி மாவட்டக் கலைஞர்கள் ஊர் ஊராகப் போய் வந்தார்கள், இன்றும் போகிறார்கள். விழாக் கமிட்டி அட்வான்ஸ் கொடுத்து நாள் குறிக்கும். விடிய விடிய ஆட்டமும் பாட்டும் நடக்கும். நடுவில் மைக்கில் ஓர் அறிவிப்பு வரும்: இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார், ராஜபார்ட்டின் பாட்டைப் பாராட்டி, அன்பளிப்பாக நூற்று ஒரு ரூபாய். பேர் சொல்லி, ஊர் சொல்லி, தொகை சொல்லி. கொடுத்தவருக்கும் மரியாதை, வாங்கியவருக்கும் மரியாதை.

யூடியூப் நேரலையில் பார்ப்பவர் பணம் அனுப்பினால் திரையில் அவர் பெயரும் தொகையும் வண்ணக் கட்டத்தில் மின்னும் ‘சூப்பர் சாட்’டை ஏதோ கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்த புதுமையாகப் பேசுகிறார்கள். நம் நாடக மேடைக்கு அது பழைய வழக்கம். கலைஞனுக்குக் கேட்பவர் நேராகத் தருவதில் இங்கே யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. கேட்பவரும் பாடுபவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி நடுவில் சினிமாவும் ஒலிநாடா வியாபாரமும் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பழக்கம் திருவிழா மேடையோடு சுருங்கியது.

மேடையிலிருந்து இணையம் வரை வந்த பாதைக்கு நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே ஆள் இருக்கிறார். திண்டுக்கல்லின் ராஜலட்சுமியும் அவர் கணவர், புதுக்கோட்டை மாவட்டத்துச் செந்தில் கணேஷும் பல ஆண்டுகள் கிராமிய மேடைகளில் பாடியவர்கள். 2018-ல் விஜய் டிவியின் ‘சூப்பர் சிங்கர்’ ஆறாவது சீசனில் இருவரும் பாடினார்கள், செந்தில் கணேஷ் பட்டம் வென்றார். மறு ஆண்டு வந்த ‘சார்லி சாப்ளின் 2’ படத்தில் அவர்கள் பாடிய ‘சின்ன மச்சான்’, செல்ல தங்கையாவின் வரிகளோடு, கைப்பேசி உள்ள எல்லா ஊருக்கும் போனது. அந்தக் குரல்களை நாடு முழுக்க எடுத்துச் சென்றவை டிவியும் சினிமாவும்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்களைத் தாங்கி நின்றது அதற்கு முன்பே மேடைக்கு மேடை சேர்த்து வைத்திருந்த கூட்டம். சீசன் முடிந்தால் டிவி அடுத்த முகத்தைத் தேடிப் போய்விடும். மேடைக்குத் தேடி வருகிற கூட்டம் அப்படிப் போவதில்லை.

கோவையிலிருந்து ஒரு பாட்டு

இணையத்திலேயே பிறந்து வளர்ந்த முதல் பெரிய தமிழ்ப் பெயர் ‘ஹிப்ஹாப் தமிழா’. கோவையைச் சேர்ந்த ஆதி, ஜீவாவோடு சேர்ந்து தொடங்கிய இசைக்குழு அது. மலேசியாவின் யோகி பி 2006-ல் ‘வல்லவன்’ ஆல்பத்தில் தமிழ் ராப் எப்படி ஒலிக்கும் என்று காட்டிவிட்டிருந்தார். அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறையில் ஒருவரான ஆதி, எந்த நிறுவனமும் பின்னால் இல்லாமல் யூடியூபில் பாட்டைப் போட ஆரம்பித்தார். ‘கிளப்புல மப்புல’ பரவியது. பாட்டின் கருத்தோடு எனக்கு ஒப்புதல் இல்லை, பெண்களுக்குப் பாடம் எடுக்கிற பாட்டு அது. ஆனால் அது பரவிய விதம் புதியது. கல்லூரி விடுதிகளில் செல்போனுக்குச் செல்போன் அந்தப் பாட்டு கைமாறியது. 2012-ல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம். 2015-ல் ‘ஆம்பள’ படத்துக்கு இசை. 2016 பொங்கல் வேளையில் ஜல்லிக்கட்டுக்காக ‘டக்கரு டக்கரு’ இணையத்தில் வந்தபோது அது யாருடைய படத்துப் பாட்டும் இல்லை. இருந்தும் அலங்காநல்லூர் பக்கத்து மைக் செட்டுகளில் எல்லாம் ஒலித்தது.

அதே ஆதி இன்று சினிமா நாயகர், இசையமைப்பாளர். 2024-ல் ‘கச்சி சேர’ என்ற ஒற்றைத் தனிப்பாட்டால் ஊரையே ஆடவைத்த சாய் அபயங்கரையும் சினிமா உடனே அழைத்துக்கொண்டது. இதில் தப்பு ஒன்றும் இல்லை, சம்பளம் அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் தமிழில் தனியிசையின் ஒவ்வொரு வெற்றியும் சினிமாவுக்குள் போய்த்தான் முடிகிறது என்றால், தனியிசையில் தொடர்ந்து நிற்க வழியே இல்லையோ என்று சின்ன ஊர்ப் பிள்ளைகள் நினைப்பதில் வியப்பில்லை.

வழி இருக்கிறது என்று வெளியூர்த் தமிழர்கள் சிலர் காட்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் வாழும் ஷான் வின்சென்ட் டி பாலும் மிருதங்கக் கலைஞர் யான்சானும் சேர்ந்து செய்த ‘மிருதங்கம் ராப்ஸ்’ வீடியோக்களில் இருந்தவை ஒரு மிருதங்கம், ஒரு குரல், ஒரு கேமரா, அவ்வளவுதான். கோடம்பாக்கத்தின் தயவு அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

நாற்பது கோடி பார்வையும் ஒரு கேள்வியும்

2021 மார்ச் 7 அன்று வந்த ‘என்ஜாயி எஞ்சாமி’யைத் தெரியாதவர் இருக்க முடியாது. பாடகி தீ பாட, அரக்கோணத்து அறிவு எழுதிப் பாட, சந்தோஷ் நாராயணன் இசை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதை அதற்குள் இருக்கிறது. யூடியூபில் மட்டும் 40 கோடிக்கும் மேற்பட்ட பார்வைகள். தமிழில் சினிமாவோடு தொடர்பில்லாத ஒரு பாட்டு இதற்குமுன் தொட்டிராத உயரம்.

மூன்று ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ வெளியிட்டார். அந்தப் பாட்டிலிருந்து தனக்கோ தீக்கோ அறிவுக்கோ ஒரு பைசாகூட வந்து சேரவில்லை என்றார். தன் சொந்த யூடியூப் சேனலின் வருமானமும் பாட்டை வெளியிட்ட நிறுவனத்துக்கே போகிறது என்றும், அதனால் சுயாதீனக் கலைஞர்களுக்காகத் தானே ஒரு ஸ்டுடியோ தொடங்கப்போவதாகவும் சொன்னார். இதற்கிடையில் 2021 ஆகஸ்டிலேயே, ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் அறிவு இல்லாமல் போனது பெரிய விவாதம் ஆகியிருந்தது. பாட்டு யாருடையது, பேர் யாருக்கு, காசு யாருக்கு என்ற மூன்று கேள்வியும் ஒரே பாட்டின் தலையில் வந்து விழுந்தன.

அத்தனை பெயர் பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால் வத்தலக்குண்டில் யூஎஸ்பி மைக் வாங்கி வைத்திருக்கும் ஒருவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. நாற்பது கோடிப் பார்வையில் அந்தப் பாட்டைக் கேட்டவர் ஒருவரின் பெயரோ ஊரோ பாடியவருக்குத் தெரியாது. பணம் வரும் குழாயும் வேறொருவர் கையில்.

குழாய் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும், பலர் இது தெரியாமலே இறங்குகிறார்கள். யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடிப் பார்வை. அந்தப் படியைத் தாண்டினால் முழுநீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனல்காரருக்கு. ஸ்பாட்டிஃபை 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே தருவதில்லை. தாண்டினாலும் ஒரு முறை கேட்டதற்குக் கிடைப்பது பைசாக் கணக்கு.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. பெரும்பாலானோர் சினிமாப் பாட்டைத் தங்கள் குரலில் பாடித்தான் சேனலைத் தொடங்குகிறார்கள். இளையராஜா பாட்டுக்கு லட்சம் பார்வை வருகிறது, மனசு குளிர்கிறது. ஆனால் அந்த மெட்டை யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’ அடையாளம் கண்டுகொள்ளும். விளம்பரக் காசு உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் போய்விடும். வந்த லட்சம் பேரும் அந்தப் பாட்டுக்காக வந்தவர்கள். அடுத்த வாரம் சொந்தப் பாட்டைப் போட்டால் நானூறு பேர். பலர் இந்த இடத்தில்தான் மனம் உடைந்து சேனலை மூடுகிறார்கள். என்னைக் கேட்டால், தொழில் தொடங்குவதே அந்த நானூறில்தான். அவர்கள்தான் இவருக்காக வந்தவர்கள்.

இரண்டாயிரம் பிரதிக்கு மேல் கிடையாது

இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவர் வத்தலக்குண்டில் வளர்ந்தவர். இசைக்காரர் அல்ல, எழுத்தாளர். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜமய்யர், ‘மணிக்கொடி’யை நடத்திய பி.எஸ். ராமையா, இவர்களுக்குப் பிறகு இந்த ஊர் கொடுத்த மூன்றாவது பெரிய பெயர் சி.சு. செல்லப்பா.

1959 ஜனவரியில் செல்லப்பா ‘எழுத்து’ என்ற மாத இதழைத் தொடங்கினார். வார இதழ்கள் லட்சக் கணக்கை நோக்கி ஓடிய காலம். அவரோ முதலிலேயே அறிவித்துவிட்டார்: 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிட மாட்டேன். விற்பனை கூடினால் யாராவது வேண்டாம் என்பார்களா? செல்லப்பா வேண்டாம் என்றதற்குக் காரணம், தனக்கு வேண்டியது இலக்கியத்தை உண்மையாக நாடுகிறவர்கள் மட்டும் என்பதில் இருந்த தெளிவு. நடைமுறையில் அந்த இரண்டாயிரத்தையே இதழ் எட்டவில்லை. ஆனாலும் 1970 வரை 119 இதழ்கள் வந்தன. மனைவியின் நகைகள் அதில் போயின. புத்தக மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். அந்தச் சில நூறு வாசகர்கள் யார் என்று பாருங்கள். திருகோணமலையில் தர்மு சிவராமு, நாகர்கோவிலில் பசுவய்யா என்ற பேரில் எழுதிய சுந்தர ராமசாமி, கூடவே வைத்தீஸ்வரன், சி. மணி. படித்தவர்களே எழுதினார்கள், எழுதியவர்களே அடுத்தவரைச் சேர்த்துவிட்டார்கள். தமிழ்ப் புதுக்கவிதை அந்த வட்டத்தில் வேர் பிடித்தது. 1962-ல் அவர் தொகுத்த ‘புதுக்குரல்கள்’ பின்னர் கல்லூரிப் பாடமாகவே ஆனது.

செல்லப்பாவின் வறுமையை நான் அழகு பார்க்கவில்லை. அவ்வளவு உழைத்த ஒருவர் அப்படி வாழ்ந்திருக்கக் கூடாது. பெரிய நாவலான ‘சுதந்திர தாகம்’ நூலைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். அதற்கான சாகித்ய அகாதமி விருது 2001-ல், அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து வந்தது. அவருக்குச் சந்தா வர மணியார்டர் வர வேண்டும். இதழ் போக அச்சகம், காகிதம், தபால் தலை வேண்டும். அவரை வாட்டிய செலவுகளில் பாதி இன்று ஒரு பாட்டுக்காரருக்குக் கிடையாது. திருகோணமலைக்குப் பாட்டு போகத் தபால் தலை வேண்டாம்.

ஆனால் அவர் செய்த ஒன்று, தன் வாசகரை ஆள் ஆளாகத் தெரிந்து வைத்திருந்தது, இன்று பலரிடம் இல்லை. பத்தாயிரம் சந்தாதாரர் இருப்பார்கள், பத்துப் பேரின் பெயர் தெரியாது. 2020 ஜூன் 29 இரவு டிக்டாக் தடை செய்யப்பட்டபோது நம் கிராமங்களில் பாடியும் ஆடியும் லட்சக்கணக்கானோரைச் சேர்த்திருந்தவர்கள் மறுநாள் காலையில் ஒரே ஒருவரைக்கூடத் திரும்ப அழைக்க முடியாமல் நின்றார்கள். அந்தக் கூட்டத்தின் விலாசம் முழுவதும் கம்பெனியிடம் இருந்தது.

மொய் நோட்டு

அமெரிக்காவில் கெவின் கெல்லி 2008-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கலைஞருக்குக் கோடி ரசிகர் வேண்டாம், எது செய்தாலும் வாங்குகிற ஆயிரம் உண்மையான ரசிகர் போதும் என்பது அவர் வாதம். அதைப் படித்தவர்கள் உலகம் முழுக்கப் பின்பற்றினார்கள். ஜாக் கான்ட்டே என்ற இசைக்காரர் 2013-ல் தொடங்கிய ‘பேட்ரியான்’ தளத்தில் ரசிகர்கள் மாதா மாதம் கலைஞருக்குச் சந்தா கட்டுகிறார்கள்.

நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். மாதம் நூறு ரூபாய், இரண்டு பேர் டிபன் சாப்பிடும் காசு. அதை 500 பேர் கொடுத்தால் மாதம் 50,000 ரூபாய். வத்தலக்குண்டில் வாடகை கொடுத்து, பிள்ளையைப் படிக்க வைத்து, வாசிப்பவர்களுக்கும் சம்பளம் கொடுத்துப் பாட்டு செய்யப் போதுமான தொகை. அதே தொகையை விளம்பரப் பங்கில் எடுக்க மாதா மாதம் பல லட்சம் பார்வை வேண்டும். 500 பேர் ஒரே நாளில் வரமாட்டார்கள், மூன்று நான்கு ஆண்டு ஆகும். ஆனால் ஒவ்வொருவரும் பேரோடும் ஊரோடும் வருகிறார்.

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து வீடுகளில் மொய் நோட்டை எப்படிப் பாதுகாப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். காதுகுத்தோ கல்யாணமோ, யார் வந்தார், எந்த ஊர், எவ்வளவு என்று எழுதி, பீரோவில் பூட்டி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் தேடிப் போய்த் திருப்பிச் செய்வார்கள். பாட்டுக்காரருக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும். முதலில் பணம் அனுப்பியவர், ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு வரி எழுதுகிறவர், துபாயில் ஓட்டுநராக இருந்துகொண்டு நம் பக்கத்துப் பேச்சைக் கேட்கவே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறவர். இவர்கள் பேரும் எண்ணும் கம்பெனியிடம் மட்டும் அல்ல, பாடுகிறவர் கையிலும் இருக்க வேண்டும். புதுப் பாட்டு முதலில் இவர்களுக்குப் போக வேண்டும். திருப்பிச் செய்வது அதுதான்.

கையெழுத்துக்கு முன்

கூட்டம் கொஞ்சம் சேர்ந்ததும் ஒரு போன் வரும். உங்கள் பாட்டை நாங்கள் வெளியிடுகிறோம், இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள். சந்தோஷத்தில் படிக்காமல் போடுகிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம், அதனால் சட்டத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 19-வது பிரிவின்படி, உரிமையை எழுதிக் கொடுக்காமல் வாய்ப்பேச்சில் மாற்ற முடியாது. எத்தனை ஆண்டுக்கு என்று தாளில் எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றே பொருள். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், தாளில் வேறு மாதிரி இல்லாத பட்சத்தில், உரிமை செயலற்றுப் போகும். சட்டம் இவ்வளவு தூரம் கலைஞர் பக்கம் நிற்கிறது. அதனால்தான் தாளில் ‘என்றென்றைக்கும்’, ‘உலகம் முழுவதும்’ என்ற சொற்களைத் தேடிப் பார்க்க வேண்டும். அவை இருந்தால் வக்கீலிடம் காட்டாமல் பேனாவைத் தொடக் கூடாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் உள்ள பங்கைப் பெரும்பாலும் யாரும் எழுதி வாங்கிவிட முடியாது. அதை வசூலித்துத் தருவதற்கு 1969 முதல் ஐபிஆர்எஸ் அமைப்பு இருக்கிறது; சொந்தப் பாட்டு வெளிவந்த எவரும் உறுப்பினர் ஆகலாம்.

நண்பர்களுக்குள்ளும் எழுதிக்கொள்ள வேண்டும். வரி யாருடையது, மெட்டு யாருடையது, பறை வாசித்தவருக்கு எவ்வளவு. பாட்டு ஓடுவதற்கு முன்னால் எழுதினால் அரைப் பக்கத்தில் முடியும். தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் அண்ணன் பாவலர் வரதராஜனோடு கட்சி மேடைகளில் பாடத் தொடங்கிய இளையராஜாவே தன் பாடல்களின் உரிமைக்காக இந்த வயதிலும் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

எதைப் பாடுவது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது. ஆனாலும் ஓர் ஆசை உண்டு. விடியும் முன்னே மல்லிகை பறித்து நிலக்கோட்டைச் சந்தைக்கு அனுப்புகிற பெண்கள், வெற்றிலைக் கொடிக்கால், மஞ்சளாறு, கொடைக்கானல் வண்டிகள் நின்று போகிற டீக்கடைகள். இதையெல்லாம் சென்னையில் உட்கார்ந்து யாரும் எழுதப்போவதில்லை. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் பறை கற்ற பெண்கள் வெளிநாட்டு மேடை வரை போயிருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜோ ஷெரினியன் அவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்திருக்கிறார். ஊரை விடாத ஓசைக்கு உலகத்தில் கேட்க ஆள் இருக்கிறது.

விழாக் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா வைக்கிறீர்கள், வையுங்கள். அதற்கு முன்னால் அரை மணி நேரம், உள்ளூர்ப் பிள்ளை ஒருவர் சொந்தமாகச் செய்த பாட்டுகளைப் பாட மேடை கொடுங்கள், சம்பளத்தோடு. மைக்கில் அவர் சேனலின் பேரைச் சொல்லுங்கள், மேடை ஓரத்தில் அவருடைய கியூஆர் அட்டையை வையுங்கள். வந்து விழுகிற அன்பளிப்பை, பேர் சொல்லி, ஊர் சொல்லி, தொகை சொல்லி அறிவியுங்கள்.